மேட்டில் நின்று கூப்பிட்ட குரல்

குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. காலையில் வெட்டிய குழி. மதியத்துக்குள் மழை அதன் ஒரு பக்கத்தைக் கரைத்து உள்ளே தள்ளிவிட்டது. பெட்டியைச் சவுக்குக் கட்டைகளின் மேல் வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நாங்கள் சுற்றி நின்றோம்.

என் வீட்டுக்காரர் தலைமாட்டில் நின்றார். கையில் வேதப்புத்தகம். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளில் சுற்றி, மழை படாமல் கொண்டு வந்திருந்தார். அதை அவர் பிரிக்கவே இல்லை. ஈயத்தாளில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க, வாசிங்க" என்றேன் மெதுவாக.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனையோ அடக்கங்களுக்கு அவரோடு போயிருக்கிறேன். பிள்ளையைப் புதைத்த தாய்க்கும் இவரிடம் ஒரு வசனம் இருக்கும். அன்றைக்கு ஒன்றுமே இல்லை.

பெட்டிக்குள் இருந்தவன் தேவசகாயம். கவ்வாத்து வெட்டுகிறவன். அதாவது, வயசான தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தியால் வெட்டி மறுபடி தளிர்க்க வைக்கிற வேலை. எங்கள் சிறிய சபையின் ஆள். எஸ்தரின் புருஷன். எங்களைவிடக் கொஞ்சம் இளையவன்.

லிந்துலை டவுனில் நாங்கள் குடியிருந்த தையல்கடை மாடியைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார். உபதேசியாரின் மனைவி என்கிறீர்கள், இத்தனை வாரத்தில் அவருடைய ஒரு பிரசங்கத்தைப் பற்றிக்கூட எழுதவில்லையே என்று. நியாயமான கேள்விதான். எழுதாததற்குக் காரணம் இந்தக் குழி.

ஒரே ஒரு பிரசங்கம்

இலங்கையில் எங்களுக்கு நாடு இல்லை என்று சட்டம் போட்டுச் சொன்ன பிறகு வந்த வருடங்கள் அவை. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இவர் அந்தத் தோட்டத்துக்கும் சுற்றியிருந்த தோட்டங்களுக்கும் உபதேசியார். போதகர் நுவரெலியாவிலிருந்து எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் சபை இவர் தலையில்தான்.

கோயில் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் கூடுவோம். மலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தொங்குகிற தொட்டில்களைச் சுருட்டி உத்தரத்தில் கட்டிவிட்டு, தரையில் சாக்கு விரித்து உட்காருவோம். பால் புளித்த வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் சேர்ந்து வரும். இன்றைக்கும் எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும் மூக்கு அதைத்தான் தேடுகிறது.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனுஷனுக்கு வாய்த்த குரல் ரொம்பச் சன்னம். மூன்றாவது வரிசைக்குப் போவதற்குள் களைத்துவிடும். "நீங்க பிரசங்கம் பண்றீங்களா, இல்ல யாருகிட்டயாவது ரகசியம் சொல்றீங்களா?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

இன்னொன்று, அவரிடம் இருந்தது ஒரே ஒரு பிரசங்கம். எந்தப் பகுதியை வாசித்தாலும் அங்கேதான் வந்து நிற்பார். வேதப்புத்தகம் முழுக்க ஒரே கேள்விதான் என்பார். முதல் மனிதன் தப்புச் செய்துவிட்டு மரங்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டபோது, ஆண்டவர் தோட்டத்துக்குள் நடந்து வந்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்டாரே, அந்தக் கேள்வி.

நான் சும்மா இருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போதே ஆரம்பித்துவிடுவேன். ஒரு பக்கம் சண்டை, ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் யார் யாருக்குப் பிறந்தார்கள் என்ற வம்ச வரலாறு, கடைசியில் மூட்டை மூட்டையாகக் கடிதம். எழுதினவர்களில் ராஜாவும் உண்டு, ஆடு மேய்த்தவனும் உண்டு, மீன் பிடித்தவனும் உண்டு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அட்டை போட்டுத் தைத்த ஆள்தான் இதையெல்லாம் ஒன்றாக்கினான் என்பேன்.

அவர் கோபப்பட மாட்டார். விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே போவார். தம்பியைக் கொன்றவனிடம் தம்பி எங்கே என்று கேட்டது. வனாந்தரத்தில் பிள்ளையோடு அழுத வேலைக்காரியை அந்தக் கேள்வி தேடிப் போனது. கப்பலின் அடித்தட்டில் ஒளிந்து தூங்கினவனை விடவில்லை. பிறகு ஒரு மேய்ப்பன் காணாமல்போன ஒற்றை ஆட்டைத் தேடிப் போகிறான். மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவனை ஆண்டவர் பேர் சொல்லி இறக்குகிறார். எல்லாமே ஒருவர் இன்னொருவரைத் தேடி நடக்கிற நடை என்பார்.

அப்போது எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

எஸ்தர் கேட்டது

தோட்டத்தில் விடிவதற்கு முன்னே தப்பு அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு எழுந்து, ஒரு வாய் ரொட்டியும் சாயத்தண்ணியும் விழுங்கிவிட்டு, எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். பெரட்டு என்றால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்ன ஆள் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவது. பேர் கூப்பிடும்போது ஆள் அங்கே இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. அடிக்கடி இல்லையென்றால் பேரையே வெட்டிவிடுவார்கள். பேர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும்.

கூப்பிடுகிறவர் வீரய்யா கங்காணி. கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் நிற்கிற ஆள். அவருடைய குரலைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுதலாம். இந்த மலையில் நின்று கூப்பிட்டால் எதிர்மலையில் கொழுந்து பறிக்கிறவள் நிமிருவாள். பேரின் கடைசி எழுத்தை இழுத்து ஒரு வெட்டு வெட்டுவார். அதைக் கேட்டால் தப்பே செய்யாதவனும் ஒரு அடி பின்னுக்கு வைப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் வழக்கம்போல அந்தக் கேள்வியில் வந்து நின்றார். சுவரோரம் உட்கார்ந்திருந்த எஸ்தர் எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசுகிற பெண் இல்லை அவள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்த ஆதாம் ஒளிஞ்சது சரிதானுங்களே? எங்கள யாராச்சும் தேடி வந்தா, நல்லதுக்கு வந்ததே இல்லீங்க."

சிலர் சிரித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டே, ஆண்டவர் கங்காணி மாதிரி இல்லை, அன்போடு தேடுகிறவர் என்றார்.

"சரிங்க ஐயா" என்றாள் எஸ்தர். "அது அந்த ஆளுக்கு எப்புடிங்க தெரியும்? கொரலு மட்டுந்தான கேக்குது."

அவளுக்குப் பக்கத்தில் இருந்த தேவசகாயம் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். இவர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். என்ன சொன்னார் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஒங்க மொத்தப் புத்தகத்தயும் ஒரு கேள்வியில கவுத்துட்டா" என்று நான் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

கண்டாக்கின் பிரம்பு

அந்த வருடம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. கவ்வாத்து மலையில் ஒரு வயசான ஆள் காய்ச்சலோடு வேலை செய்துகொண்டிருந்தார். கை நடுங்கி, வெட்டு தப்பி ஒரு செடியைப் பிளந்துவிட்டார். மேற்பார்வைக்கு வந்த கண்டாக்கு, கங்காணிக்கும் மேலே உள்ள உத்தியோகத்தர், அவர் முதுகில் பிரம்பால் போட்டார். பக்கத்து நிரையில் நின்ற தேவசகாயம் பிரம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தான்.

அதோடு விட்டிருந்தால் ஏச்சோடு முடிந்திருக்கும். பிரம்பைத் திரும்பப் பிடிக்கப் பாய்ந்த கண்டாக்கு, ஈர மண்ணில் வழுக்கிக் கானுக்குள் விழுந்தார். மழைத்தண்ணீர் ஓட வெட்டிவைத்த ஆழமான கான். தோள் எலும்பு உடைந்தது. தேவசகாயம் தள்ளிவிட்டான் என்று ஒரு பேச்சு. தள்ளவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், ஆனால் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைக்குக் கேட்கிற மாதிரி யாரும் சொல்லவில்லை.

பொலிஸ் வருவதற்குள் அவன் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மேமலைக்கு மேலே இருந்த காட்டுக்குள் ஏறிவிட்டான். மறுநாள் பெரட்டில் அவன் பேர் இல்லை. எஸ்தரையும் பிள்ளைகளையும் காம்பராவைக் காலி பண்ணக் கெடு வைத்தார்கள்.

மேமலையின் கடைசி நிரைக்கு அப்பால் ஒரு பெரிய பாறை உண்டு. எஸ்தர் கொழுந்து பறிக்கிற சாக்கில் அங்கே போய், துணியில் சுற்றிய ரொட்டியைப் பாறைக்கு அடியில் வைத்துவிட்டு வருவாள். அடுத்த தடவை போகும்போது வெறும் துணி மடித்து வைத்திருக்கும். அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்த மடிப்புதான் சாட்சி. இதை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். நான் இவரிடம் சொன்னேன்.

நல்ல செய்தி

இவர் தினமும் சாயந்தரம் கண்டாக்கின் வீட்டு வாசலில் போய் நின்றார். முதலில் கதவையே திறக்கவில்லை. மழையில் நின்றுவிட்டு வந்து இருமுவார். எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு நாள் கண்டாக்கின் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். பிறகு என்ன பேசினார்களோ, கண்டாக்கு இறங்கி வந்துவிட்டார். எலும்பு கூடிவிடும், அந்த ஆள் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், வழக்கு வேண்டாம் என்றாராம்.

மறுநாள் இவர் துரையின் பங்களாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. துரையும் சம்மதித்துவிட்டார். தேவசகாயத்தின் பேரைத் திரும்பப் பதிவார்கள். காம்பராவும் போகாது. ஒரே ஒரு நிபந்தனை, அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவன் ஆபீசில் வந்து நிற்க வேண்டும். அடுத்த நாள் பொலிஸ் நாயோடு காட்டைச் சல்லடை போட வருகிறது. வந்த பிறகு துரையாலும் நிறுத்த முடியாது.

எஸ்தர் அப்போது தூரத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போதுதான் இறங்கி வருவாள். அதுவரை இருங்கள், அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலையை மூடுபனி மூடத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஒன்றும் தெரியாது என்றார்.

தன் குரல் அந்தக் காட்டில் பத்தடி போகாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் வீரய்யா கங்காணியைக் கூட்டிக்கொண்டார். மலைக்கு மலை ஆள் கூப்பிடத் தெரிந்தவர் வேறு யார்? கங்காணியும் சந்தோஷமாகத்தான் வந்தார். பேரை வெட்டச் சொன்னபோது மறுக்க முடியவில்லை என்ற வருத்தம் அவருக்கும் இருந்தது. இருவரும் என் கையால் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டே ஏறிப் போனார்கள். அப்போது எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

மேமலை

நான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பனி ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது மேலே இருந்து அந்தக் குரல் வந்தது.

"தேவசகாயோ..."

கடைசியில் அதே வெட்டு. வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். சிலேட்டில் எழுதின கைகள் நின்றுவிட்டன. பால்குடியிலிருந்து தப்புச் சத்தத்துக்கும் இந்தக் குரலுக்கும் எழுந்து பழகினவர்கள். என்னையறியாமலே என் கையிலிருந்த சோக்கட்டி கீழே விழுந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

குரல் மறுபடியும் மறுபடியும் வந்தது. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் எஸ்தர் ஓடினாள். முதுகில் கூடை இல்லை. மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு சேறாகிக் காலில் அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து நிற்காமலே கத்தினாள்.

"கங்காணியாருகிட்டக் கூப்புட வேணாம்னு சொல்லுங்க டீச்சரம்மா! அந்தக் கொரலு கேட்டா அவரு நிக்க மாட்டாரு!"

அவள் மேலே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நடந்ததைக் கங்காணியே பிறகு என்னிடம் சொன்னார். பாறைக்குப் பின்னாலிருந்து கம்பளி போர்த்திய ஓர் உருவம் எழுந்திருக்கிறது. "பேரு இருக்குடா, பேரு பதிஞ்சாச்சு" என்று கங்காணி மேட்டில் நின்று பலம் கொண்ட மட்டும் கத்தியிருக்கிறார். நல்ல செய்திதான், ஆனால் அவனுக்குக் கேட்டது தன் பேரும் அந்தக் குரலும் மட்டும்தான். பனிக்குள் காட்டாற்றுப் பக்கமாக ஓடினான். மழைக்கு ஆறு பொங்கியிருந்தது. கரைப்பாறை முழுக்கப் பாசி.

"திரும்பிப் பாக்கவே இல்லீங்கம்மா" என்றார் கங்காணி. "திரும்பி ஒரு தடவ ஐயா மொகத்தப் பாத்திருந்தா நின்னுருப்பான்."

மறுநாள் காலையில் கீழே, பாலத்தடியில் கிடைத்தான்.

குழிக்குள்

மறுபடியும் அந்தக் குழிக்கு வருகிறேன்.

அடக்கத்துக்கு ஆள் அதிகம் வரவில்லை. கவ்வாத்து ஆட்களுக்கு அன்றைக்கு லீவு கொடுக்கவில்லை. அதிகாலையில் குழியை வெட்டிக் கொடுத்துவிட்டு மலைக்குப் போய்விட்டார்கள். நின்றது சில பெண்கள், நடக்க முடியாத இரண்டொரு கிழவர்கள், நாங்கள். சரிந்து விழுந்த மண்ணை வெளியே எடுத்துப்போட்டுத் தண்ணீரை இறைக்காமல் பெட்டியை இறக்க முடியாது. அதற்கு யாராவது உள்ளே இறங்க வேண்டும். மற்றப் பக்கமும் எப்போது சரியுமோ என்ற பயம். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இவர் நின்ற நிலையில் அப்படியே நின்றார். எனக்கு அந்த நேரத்திலும் இவர் மேல் கோபம்தான். தேடுகிறவர், தேடுகிறவர் என்று இத்தனை வருடம் சொன்னீர்களே, தேடியதால்தானே ஒரு மனுஷன் செத்தான் என்று என் மனசு கத்திக்கொண்டிருந்தது. வாயால் சொல்லவில்லை. சொல்லாததும் அவருக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வீரய்யா கங்காணி தூரத்தில், கீழ் நிரையில் ஒதுங்கி நின்றிருந்தார். அவர் வந்ததே பலருக்குப் பிடிக்கவில்லை. ஒரு கிழவர் அவர் காதுபடவே ஏதோ முனகினார். கங்காணி அவரைக் கடந்து மேலே ஏறி வந்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றி ஒரு தேயிலைச் செடியின் மேல் போட்டார். அந்தக் கோட்டு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. உள்ளே ஒரு கிழிந்த பனியன்தான் போட்டிருந்தார்.

பிறகு குழிக்குள் இறங்கினார்.

அவர் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் நிற்கிற ஆள். சாவு வீட்டுத் தீட்டு, வேறு மதத்துக் குழி, எதையும் பார்க்கவில்லை. கானுக்குள் கால் வைக்கக்கூட ஆள் வைத்துப் பழகினவர். தகர வாளியால் தண்ணீரை இறைத்தார். கையால் சேற்றை அள்ளி மேலே எறிந்தார். ஒரு தடவை பக்கத்து மண் பொத்தென்று விழுந்து அவர் இடுப்பு வரை மூடியது. பெண்கள் சத்தம் போட்டார்கள். அவர் மண்ணை விலக்கிவிட்டு, "எறக்குங்க" என்றார். அந்தப் பெரிய குரல் இல்லை அது. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

கயிற்றில் பெட்டி இறங்கியது. கங்காணி கீழே நின்று இரண்டு கையாலும் அதை வாங்கித் தன் நெஞ்சில் சாய்த்து, கோணாமல் படுக்க வைத்தார்.

அப்போதுதான் இவர் பேசினார். ஈயத்தாளைப் பிரிக்காமலே பேசினார். அந்தச் சன்னக் குரலில், மழையில், எங்களுக்கு எப்படிக் கேட்டதோ தெரியவில்லை.

"எஸ்தர், நீ கேட்டதுக்கு நான் சரியாப் பதில் சொல்லலம்மா. கொரலு மட்டும் கேட்டா தேடுறவரு யாருன்னு தெரியாது. அது அவருக்கும் தெரிஞ்சிருக்கு. முதல் பக்கத்துலருந்து கூப்புட்டுப் பாத்தாரு, ஜனம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதனாலதான் கூப்புடுறத விட்டுட்டு அவரே எறங்கி வந்தாரு. ஒளிஞ்சவன் இருக்கிற குழிக்குள்ளயே வந்து படுத்தாரு. புத்தகம் மொத்தமும் அந்த எறக்கந்தான். நான் அதப் படிச்சும் புரியாம, மேட்டுல நின்னு கூப்புட ஆளக் கூட்டிக்கிட்டுப் போனேன்."

அவ்வளவுதான். ஜெபம்கூடச் செய்யவில்லை.

குழிக்குள் நின்ற கங்காணிக்கு மேலே ஏற முடியவில்லை. விளிம்பில் கை வைத்த இடமெல்லாம் மண் கரைந்து போனது. நாங்கள் அப்படியே நின்றோம். எஸ்தர் முன்னால் வந்து, சேற்றில் முழங்கால் போட்டு, கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடிக்கத் தயங்கினார். அவள் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் மன்னிப்பு மாதிரி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரு மனுஷன் குழிக்குள் நிற்கிறான், வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தில் போய்

அந்த ஒரு நாள், அந்தக் குழியோரத்தில், புத்தகம் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. சண்டையும் பாட்டும் வம்ச வரலாறும் கடிதமும் எல்லாம் ஒருவர் படிப்படியாக இறங்கி வந்த வழி என்று பட்டது. அப்படியே நிலைத்தது என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து ஈரச்சேலையைப் பிழிந்தபோதே பாதி போய்விட்டது. அன்றிலிருந்து அது வருவதும் போவதுமாகத்தான் இருக்கிறது.

இவர் அதற்குப் பிறகும் உபதேசியாராகத்தான் இருந்தார். அந்த ஒரே பிரசங்கத்தை மட்டும் மறுபடி செய்யவில்லை. ஒரு பழக்கம் மாறியது. யாரையும் தூரத்தில் நின்று கூப்பிட மாட்டார். வாசலில் நின்று, "ரெபேக்கா, தேத்தண்ணி" என்று குரல் கொடுக்கிறவர், அடுப்படி வரை நடந்து வந்து, என் முகத்துக்கு நேரே நின்று கேட்பார். பாதையில் பிள்ளைகளைக் கண்டால்கூடக் கிட்டே போய்த் தோளைத் தொட்டுத்தான் பேசுவார். தோட்டத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வீரய்யா கங்காணி கொஞ்ச நாளில் பெரட்டுக்குப் பேர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். தொண்டை கட்டிக்கொண்டது என்று துரையிடம் சொன்னாராம். தேவசகாயத்தின் பேரைத் துரை சொன்னபடி பதியத்தான் செய்திருந்தார்கள். இரண்டாவது முறை அதை வெட்டினபோது காரணம் வேறு.

சில வருடம் கழித்து எஸ்தருக்கு இந்தியா போகக் கடவுச்சீட்டு வந்தது. அவள் பார்த்தேயிராத, தாத்தா பிறந்த ஊர். போகமாட்டேன் என்றால் இருப்பதற்கும் இடம் இல்லை. தலவாக்கலை ஸ்டேஷனில் வழியனுப்ப நாங்கள் போயிருந்தோம். பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள், தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டேஷன் முழுக்க அழுகை. எஸ்தர் அழவில்லை. வண்டி வருகிற சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, முடிஞ்சப்ப அவருகிட்டப் போயிட்டு வாங்க. பேரச் சொல்லிக் கூப்புடாதீங்க. சும்மா பக்கத்துல போய் ஒக்காந்துட்டு வாங்க, போதும்."

இவர் இருந்தவரை ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதைச் செய்தார். இப்போது நான் செய்கிறேன். குழிமேட்டில் நட்ட மரச்சிலுவை எப்போதோ உளுத்துவிட்டது, இடத்தைச் செடி மூடிவிட்டது. எந்த நிரை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முழங்கால் வலிக்க மெதுவாக இறங்கிப் போய், ஈரத் தரையில் சாக்கு விரித்து உட்காருகிறேன். ஒன்றும் பேசுவதில்லை. மேலே யாராவது யாரையாவது கூப்பிடுகிற சத்தம் கேட்டால், அது ஓயும் வரை கையை மண்ணின் மேல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.